சார்ஜ் ஏறாத வண்டி: இணைப்புகளைச் சரிசெய்யும் முறையும் கிரிம்பிங் கருவியின் தேர்வும்

திருநெல்வேலிச் சீமையில் மோட்டார் சைக்கிளின் பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், "ஆர்.ஆர். யூனிட் போயிட்டு அண்ணாச்சி, மாத்திருவோமா?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வரும். (ஆர்.ஆர். யூனிட் என்பது பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்.) மாற்றினால் வண்டி சரியாகவும் ஆகும்; ஆனால் சில மாதங்களில் அதே குறை திரும்பி வந்து, அடுத்த முறை பேட்டரியும் அதற்கடுத்த முறை மேக்னட் காயிலும் மாற்றப்படும். இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து. சார்ஜிங் அமைப்பில் முதலில் கெடுபவை பல நேரங்களில் கம்பிகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக் கூடான கப்ளரும், அதற்குள் இருக்கும் உலோக முனைகளான டெர்மினல்களும், எர்த் இணைப்பும்தான். அவற்றைத் தொடாமல் உறுப்பை மட்டும் மாற்றினால் புதிய உறுப்பும் பழைய இணைப்பின் வழியாகவே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே இணைப்புகளைச் சோதிப்பது, கெட்டதை வெட்டி எடுப்பது, முறையாகக் கிரிம்ப் செய்து, அதாவது டெர்மினலைக் கருவியால் அழுத்திக் கம்பியோடு இறுக்கி, மீண்டும் சேர்ப்பது ஆகியவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இணைப்பு ஏன் தீய்கிறது

இன்ஜினோடு சேர்ந்து சுழலும் காந்தமும், அதன் நடுவே அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் காயிலும் (பட்டறைகளில் மேக்னட் காயில் என்பது இதுதான்) மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்குகின்றன. இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் காயிலிலிருந்து ஒரே நிறமுள்ள மூன்று கம்பிகள், பொதுவாக மஞ்சள் நிறத்தில், வெளியே வந்து ஒரு கப்ளர் வழியாக ஆர்.ஆர். யூனிட்டுக்குள் நுழையும். அந்த யூனிட் மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கி, பேட்டரிக்கு ஏறத்தாழ 14 வோல்ட்டுக்கு மேல் அதிகம் போகாமல் கட்டுப்படுத்துகிறது.

கட்டுப்படுத்தும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. பல வண்டிகளில் இருப்பது ஷன்ட் வகை யூனிட். பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மேல் காயில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை அது நிறுத்துவதில்லை, காயிலின் கம்பிகளையே தனக்குள் குறுக்கிணைத்துத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே பேட்டரி நிறைந்திருந்தாலும் விளக்குகள் அணைந்திருந்தாலும், நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகும் நேரம் முழுவதும் அந்த மூன்று மஞ்சள் கம்பிகளிலும் கப்ளரிலும் ஏறக்குறைய முழு மின்னோட்டமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. டெர்மினல் ஒன்றில் அழுக்காலோ தளர்வாலோ 0.1 ஓம் தடை உண்டாகி, அதன் வழியாக 15 ஆம்பியர் ஓடினால், அங்கே வெப்பமாக மாறும் ஆற்றல் 22.5 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையில் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை அந்தச் சிறிய பிளாஸ்டிக் கப்ளருக்குள் செருகி வைத்ததற்கு இது சமம். பிளாஸ்டிக் பழுப்பாகி உருகுவதில் வியப்பில்லை.

2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது; ஆகவே சார்ஜ் குறைந்தால் அந்தச் சுமை பேட்டரியின் மேல் விழுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் பெரும்பாலான வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. கார்புரேட்டர் வண்டி பேட்டரி இறங்கினாலும் கிக்கரை உதைத்தால் வீடு வந்து சேரும். இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் வண்டி வழியிலேயே நின்றுவிடும்.

நம் மாவட்டத்தின் நிலமும் இணைப்புகளைச் சோதிக்கத் தவறுவதில்லை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் நிற்கும் வண்டிகளின் டெர்மினல்களில் உப்புக் காற்று பச்சைக் களிம்பைப் படிய வைக்கிறது. திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் தூசி ஆர்.ஆர். யூனிட்டின் விலாக்களுக்கிடையே அடைந்து, அது காற்றில் ஆறுவதைத் தடுக்கிறது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதையின் குலுக்கல் தளர்ந்த டெர்மினலை மேலும் தளர்த்துகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது நீரில் மூழ்கிய வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: கம்பியின் முனையில் புகுந்த நீர், உறைக்குள்ளே இழைகளுக்கு நடுவே ஊர்ந்து பல அங்குலம் உள்ளே போயிருக்கும். வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும் கம்பியின் உறையைச் சீவினால் செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருப்பதை இன்றும் அத்தகைய வண்டிகளில் காணலாம்.

வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டியவை

ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். முதலில் வண்டியைச் சில மணி நேரம் ஓட்டாமல் வைத்திருந்து பேட்டரியை அளக்க வேண்டும். நிறைந்த 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் அதை வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றிய பின்பே மற்ற சோதனைகளைச் செய்ய வேண்டும், இல்லையெனில் எல்லா அளவுகளும் நம்மைத் தவறான வழியில் இழுத்துச் செல்லும். பிறகு இன்ஜினை இயக்கி, முன்விளக்கு எரிய, நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 சுற்றில் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் யூனிட் கட்டுப்படுத்தவில்லை, அல்லது அதன் எர்த் கெட்டிருக்கிறது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பேட்டரி இல்லாதபோது வோல்டேஜ் துள்ளி ஏறும். அதில் இன்ஜெக்ஷன் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்துபோகலாம்.

அடுத்தது எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை. பட்டறைகளில் அரிதாகவே செய்யப்படுவதும் இதுதான். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை ஆர்.ஆர். யூனிட்டின் பாசிட்டிவ் கம்பி முனையிலும் மற்றொன்றைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்து, விளக்குகள் எரிய இன்ஜினை 4000 சுற்றில் ஓட்ட வேண்டும். அப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோகும் வோல்டேஜ், அது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. யூனிட்டின் எர்த் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அதே சோதனையைச் செய்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கெட்ட இணைப்பு அந்த வழியில் எங்கோ ஒளிந்திருக்கிறது. வழியில் உள்ள ஒவ்வொரு கப்ளராக, ஃப்யூஸ் பெட்டி உட்பட, அளந்துகொண்டே போனால் அது அகப்பட்டுவிடும். மீட்டர் முள்ளை நுழைக்கக் கம்பியின் உறையைக் குத்த வேண்டாம். கப்ளரின் பின்புறத்தில் கம்பி நுழையும் இடைவெளி வழியாக மெல்லிய ஊசியைச் செருகித் தொட்டால் போதும்.

காயிலைச் சோதிக்க, இன்ஜினை நிறுத்தி மூன்று கம்பிக் கப்ளரைப் பிரித்து, ஒவ்வொரு மஞ்சள் கம்பிக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே தொடர்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். துளித் தொடர்பும் இருக்கக் கூடாது. பிறகு இன்ஜினைச் சிறிது நேரம் மட்டும் ஓட்டி, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, கம்பிகளை இரண்டிரண்டாக மூன்று ஜோடிகளையும் அளக்க வேண்டும். எண் வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனால் ஒரே சுற்றில் மூன்று ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும் என்பது மாறாத விதி. பல பத்து வோல்ட் வரும் என்பதால் வெறுங்கையால் முனைகளைத் தொடக் கூடாது. காயிலின் மின்தடையை அளந்து முடிவு செய்வதை நான் அதிகம் நம்புவதில்லை: அது பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு, சாதாரண மீட்டரின் கம்பிகளுக்கே அதில் ஒரு பங்கு தடை உண்டு.

வெட்டி எடுப்பது

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கப்ளரைப் பிரித்ததும் பெண் டெர்மினல்களைக் கூர்ந்து பாருங்கள். சூடேறியது பளபளப்பை இழந்து, பழுப்பும் நீலமும் கலந்த நிறத்துக்கு மாறியிருக்கும். சிறு ஸ்க்ரூடிரைவர் முனையால் அதன் மடிப்பை மெல்ல நெம்பினால், நல்ல டெர்மினல் மீண்டு வரும், சூடு கண்டது நெம்பிய இடத்திலேயே நின்றுவிடும். விறைப்பை இழந்த அந்த உலோகத்தை மூக்குப் பிளேயரால் அழுத்தி இறுக்கினால் சில நாட்கள் ஓடும், அவ்வளவுதான். உப்புத்தாளால் தேய்ப்பதும் தவறு; மேலே பூசியிருக்கும் வெள்ளீயம் போய்விட்டால் அடுத்த மழைக்குள் களிம்பு பிடிக்கும். இலேசான அழுக்குக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும். நிறம் மாறியதை ஆண் முனை, பெண் முனை, கூடு என்று மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் பழைய பக்கம் புதியதையும் சுட்டுவிடும்.

கம்பியை எவ்வளவு வெட்டுவது என்பதற்கு ஒரே அளவுகோல் செம்பின் நிறம். உறையைச் சிறிது சிறிதாகச் சீவி, இழைகள் பளிச்சென்ற செம்பு நிறத்தில் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பின் மீது எவ்வளவு நல்ல கருவியால் கிரிம்ப் செய்தாலும் பயனில்லை.

குறைந்துபோன நீளத்துக்குச் சேர்க்கும் கம்பி, மெல்லிய பல இழைகள் கொண்ட ஆட்டோ வயராக இருக்கட்டும். காயில் கம்பிகளுக்கும் யூனிட்டின் வெளியீட்டுக்கும் கடையில் இரண்டரை ஸ்கொயர் (2.5 சதுர மி.மீ.) என்று கேட்டு வாங்கலாம். வீட்டு வயரிங்கில் மிச்சமான கம்பியைப் போடுவது இங்கே மிகப் பரவலான பழக்கம். அதன் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வெப்பத்துக்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. இன்ஜினுக்கு அருகில் அது இளகிவிடும். மலிவாகக் கிடைக்கும் சில கம்பிகளில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

கிரிம்பிங் கருவி

டெர்மினலைக் கம்பியோடு சேர்ப்பது வெறும் அமுக்குதல் என்று நினைப்பதால்தான் கட்டிங் பிளேயரால் நசுக்கி, மேலே ஈயம் வைத்து முடித்துவிடுகிறார்கள். முறையான கிரிம்பில் நடப்பது வேறு. டெர்மினலின் உலோகம் சுருண்டு இழைகளை நெருக்கும்போது, ஒவ்வோர் இழையும் தன் வட்ட வடிவத்தை இழந்து பக்கத்து இழையோடு இடைவெளியின்றி ஒட்டுகிறது. காற்றும் நீரும் நுழைய இடமில்லாததால் உள்ளே களிம்பு பிடிப்பதில்லை. இதற்கு அளவான அழுத்தமும் சரியான வடிவமுள்ள தாடையும் வேண்டும். பிளேயரால் இரண்டையும் தர முடியாது.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உருகிய ஈயம் இழைகளுக்கிடையே உறைக்குள் ஏறி உறைந்ததும், அது நிற்கும் எல்லையில் கம்பி விறைத்துவிடுகிறது. குலுக்கலில் சரியாக அந்த எல்லையிலேயே இழைகள் ஒவ்வொன்றாக முறியும். நல்ல கிரிம்புக்கு ஈயம் தேவையில்லை, கெட்ட கிரிம்பை ஈயம் காப்பாற்றுவதும் இல்லை.

கருவி வாங்கும் முன், எந்த வகை டெர்மினலுக்கு என்பதை முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே கருவி கிடையாது. மோட்டார் சைக்கிள் கப்ளர்களுக்குள் இருப்பவை திறந்த வகை டெர்மினல்கள்: பின்புறத்தில் இரண்டு ஜோடிச் சிறகுகள் விரிந்திருக்கும், முன் ஜோடி செம்பைப் பிடிக்கும், பின் ஜோடி உறையைப் பிடிக்கும். சார்ஜிங் கப்ளர்களில் 6.3 மி.மீ. அகலத் தட்டு முனைகளே மிகுதி. இவற்றுக்கான கருவியின் தாடையில் ஒரு பக்கம் வழவழப்பான பள்ளமும், எதிர்ப்பக்கம் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வளைவுகளும் இருக்கும். சிறகுகள் இரட்டை வளைவுப் பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவை உட்புறமாகச் சுருண்டு இழைகளின் நடுவே இறங்கும். தலைகீழாக வைத்தால் சிறகு வெளிப்பக்கம் மடங்கி, டெர்மினல் வீணாகும்.

சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் உறையோடு வரும் டெர்மினல்களுக்கான கருவி வேறு. அதன் தாடை நீள்வட்டமாக இருக்கும், அதே நிறப் புள்ளிகளும் இட்டிருக்கும். சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. அந்தக் கருவியால் திறந்த டெர்மினலை அமுக்கினால் அது வெறுமனே தட்டையாகும். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கம்பி சீவுவதற்கும் வெட்டுவதற்கும் கிரிம்ப் செய்வதற்கும் சேர்த்து ஒன்றாக விற்கும், தகட்டில் வெட்டிய மெல்லிய கருவியைச் சார்ஜிங் கம்பிகளுக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தம் முழுவதும் கையின் பலத்தைப் பொறுத்தது, தாடையும் வளைந்துகொடுக்கும்.

ராட்செட் உள்ள கருவியையே வாங்குங்கள். முழு அழுத்தம் முடியும் வரை அது திறக்காது. களைத்த கையும் புதிய கையும் ஒரே அளவில் கிரிம்ப் செய்யும். மாற்றக்கூடிய தாடைகளோடு வரும் தொகுப்பு தொடக்கத்துக்கு நல்லது. திறந்த டெர்மினலுக்கு ஒரு தாடையும் உறையுள்ள டெர்மினலுக்கு ஒரு தாடையும் இருந்தால் வண்டியின் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். தாடையின் மேல் பொறித்திருக்கும் அளவை வாங்கும்போதே பார்க்க வேண்டும்: சிறிய சென்சார் கம்பிகளுக்கான தாடைகள் பல 1.5 சதுர மி.மீட்டரோடு நின்றுவிடுகின்றன, காயில் கம்பிக்கு அவை போதாது. ராட்செட் இல்லாத ஜப்பானியக் கைக்கருவிகளில் இன்ஜினியர் நிறுவனத்தின் பி.ஏ. வரிசை போன்றவை நுட்பமாகச் செய்யப்பட்டவை. செம்புச் சிறகையும் உறைச் சிறகையும் தனித்தனி அளவில் அமுக்கலாம் என்பதால் இடுக்கான இடத்தில் மிகவும் உதவும், ஆனால் கைப்பழக்கம் வேண்டும். பேட்டரி முனைக்கும் எர்த்துக்கும் போடும் குழாய் வடிவச் செம்பு லக்குகளுக்கு அறுகோணத் தாடையுள்ள பெரிய கருவி தேவை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு லக்குக்காக அதை வாங்குவதைவிட, மோட்டார் வைண்டிங் கடையிலோ பேனல் போர்டு கட்டும் எலக்ட்ரீஷியனிடமோ கொடுத்துச் செய்துகொள்வது சிக்கனம். டோவெல்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களின் லக்குகளில் கம்பியின் அளவும் போல்ட்டின் துளை அளவும் பொறித்திருக்கும். இரண்டும் பொருந்துவதையே வாங்க வேண்டும்.

புதிய கருவியை வண்டியில் நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம். சில டெர்மினல்களைத் துண்டுக் கம்பியில் கிரிம்ப் செய்து, கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வரக் கூடாது. பிறகு ஒன்றை ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்து, அரத்தால் வழவழப்பாக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். இழைகள் தனித்தனி வட்டங்களாகவும் நடுவே கறுப்பு இடைவெளிகளாகவும் தெரிந்தால் அழுத்தம் போதவில்லை. சிறகு டெர்மினலின் அடித்தகட்டைத் தொட்டு அதைப் பிளந்திருந்தால் அழுத்தம் மிகுதி. பல ராட்செட் கருவிகளின் கைப்பிடிக்கருகே உள்ள சிறு பற்சக்கரத்தைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். ஒரு முறை இப்படி அறுத்துப் பார்த்தவர் பிறகு பிளேயரைத் தொட மாட்டார்.

சேர்த்துக் கட்டுவது

கப்ளர் கூட்டில் நீர் புகாதபடி ரப்பர் சீல் இருந்தால், கம்பியைச் சீவுவதற்கு முன்பே அதைக் கம்பியில் கோத்துவிட வேண்டும். உறையை ஏறத்தாழ 5 மி.மீ. சீவுங்கள், ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. கிரிம்ப் முடிந்ததும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: செம்புச் சிறகின் முன்னால் இழை முனைகள் ஒரு மி.மீ. அளவுக்கு எட்டிப் பார்க்க வேண்டும். இரு ஜோடிச் சிறகுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் செம்பும் உறையின் விளிம்பும் இரண்டுமே தெரிய வேண்டும். பின்சிறகு உறையைத் தழுவ வேண்டுமே தவிரக் கிழிக்கக் கூடாது. கூட்டுக்குள் செருகும்போது சிறு கொக்கி பூட்டிக்கொள்ளும் ஒலி கேட்டதும் கம்பியை மெல்லப் பின்னால் இழுத்து உறுதி செய்யுங்கள். மூன்று மஞ்சள் கம்பிகளுக்குள் வரிசை கிடையாது, எது எதனோடு சேர்ந்தாலும் பாதகமில்லை. கப்ளரையே நீக்கிவிட்டுக் கம்பிகளை நேராகச் சேர்த்துவிடுவது வழியில் நின்ற வண்டிக்கு ஏற்றது. ஆனால் அடுத்த முறை காயிலைத் தனியாக அளக்க மீண்டும் வெட்ட வேண்டிவரும் என்பதால் நிரந்தரமாக அப்படி விடுவதை நான் விரும்புவதில்லை.

நடுவில் கம்பி சேர்க்கும் இடத்தில் இரு முனைகளையும் எதிரெதிராகச் சேர்க்கும் சிறு குழாயான பட் கனெக்டரைக் கிரிம்ப் செய்து, அதன் மேல் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்க வேண்டும். மூன்று கம்பிகளின் சேர்க்கையும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக இருந்தால் கட்டு பருமனாகாது. கறுப்பு இன்சுலேஷன் டேப் அக்னி நட்சத்திர வெயிலில் பசை இளகி உரிந்துவிடும். துணி வகை வயரிங் டேப்போ நெளிவுக் குழாயோ நீடிக்கும். யூனிட்டின் எர்த் கம்பியைப் பெயிண்ட் பூசிய சேசிஸ் போல்ட்டை நம்பி விடாமல், தனிக் கம்பியாகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோவது பல குறைகளை ஒரேயடியாக நீக்கும். பாசிட்டிவையும் தனியாக இழுத்தால் பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைக்க வேண்டும், அதுவும் வண்டிக்கு நிறுவனம் குறித்த அளவில். ஃப்யூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றுவது தீயை அழைப்பதாகும். பேட்டரி முனைகளில் வாஸ்லினும், கப்ளருக்குள் சிறிதளவு சிலிக்கான் கிரீஸும் தடவினால் உப்புக் காற்று உள்ளே போகாது.

எல்லாம் முடிந்ததும் வோல்டேஜ் இழப்புச் சோதனையை மறுபடியும் செய்து, எண்களை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பிறகு முன்விளக்கோடு அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி, கப்ளரைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது, கை வைக்க முடியாத சூடு இருந்தால் மூன்றில் ஒரு டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை, அதைக் கழற்றி மீண்டும் கிரிம்ப் செய்ய வேண்டும். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது அந்தக் கப்ளரின் மேல் அழுத்த நீரை நேராகப் பாய்ச்ச வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை கப்ளரைப் பிரித்து டெர்மினலின் நிறத்தையும் அந்த எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், மாற வேண்டியது எது என்று வண்டி நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.